மூன்றாம் நாள் மதிப்பெண்

தொழிற்சாலையில் அவளைக் கத்தரி என்றுதான் சொல்வார்கள். துணி வெட்டும் மேசையில் இருபத்தாறு வருடம் நின்றதால் பாதியும், வாயால் மீதியும் வந்த பெயர். எட்டு அடுக்குத் துணியை விரித்து, மேலே கோடு போட்டு, ஒரே ஓட்டத்தில் வெட்டி எடுப்பாள். அடி அடுக்கு நூலளவு நகர்ந்திருந்தாலும் கத்தரியை வைக்க மாட்டாள். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி விரிப்பாள். தையல் பகுதியில் அதுவரை இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மேற்பார்வையாளருக்கு அவளிடம் பயம். பக்கத்து மேசைக்காரர்கள் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

ஐம்பத்திரண்டு வயதில் அந்த மேசையருகிலேயே சரிந்தாள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் இரண்டே நாளில் திரும்பியது. முதலில் அதுவா வரவேண்டும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரிடமோ சொன்னாள் தம்பி மனைவி.

மூன்றாம் நாள் காலை பிசியோ வந்தான். சின்ன வயது, வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு டேப்லெட். தோளைத் தூக்க முடிகிறதா, விரலை நீட்ட முடிகிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது அவன் வேலை. அந்த மதிப்பெண், வயது, ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, முன்பு வந்துபோன ஆயிரக்கணக்கான நோயாளிகளோடு ஒப்பிட்டு, இந்தக் கை திரும்புமா என்று கம்ப்யூட்டர் சொல்லும். அங்கே கைப்பயிற்சி அறை ஒன்றுதான். அதில் யாருக்கு இடம் என்பதையும் அந்தக் கணிப்புதான் தீர்மானித்தது. இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"பாட்டி, சமத்தா கையைத் தூக்குங்க, பாப்போம்" என்றான்.

அன்று விடிந்ததும்தான் போர்வைக்குள் இரண்டு விரல்களை அவள் நீட்டிப் பார்த்திருந்தாள். நீண்டன. அதை இவனிடமா காட்டுவது என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் சுவரையே பார்த்தாள். கட்டத்தில் எண் எதுவும் இல்லாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. மறுத்தார் என்று போட அதில் கட்டம் கிடையாது. இன்னும் பதினோரு பேரைப் பார்க்கவேண்டும். இரண்டிலும் பூஜ்யம் போட்டுவிட்டுப் போனான்.

கை திரும்ப வாய்ப்பு நூற்றுக்கு ஆறு என்று வந்தது.

அதன்பிறகு அவளை நடக்க வைத்தார்கள், இடது கையால் கரண்டி பிடிக்கச் சொன்னார்கள். வலது கையை யாரும் தொடவில்லை. அடுத்த கட்டிலில் இருந்தவளைத் தினமும் சக்கர நாற்காலியில் வைத்துக் கைப்பயிற்சிக்குத் தள்ளிப் போனார்கள். தன்னை ஏன் கூப்பிடவில்லை என்று பத்தாம் நாள் தம்பியைக் கேட்கச் சொன்னாள். அவன் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, மூன்றாம் நாள் பூஜ்யம், கம்ப்யூட்டர் போட்ட ஆறு எல்லாவற்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னான். கட்டிலருகே துணி மடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி தலை நிமிராமல் சொன்னாள்:

"கைக்குத்தான் அண்ணி ஆறு. நாக்குக்குக் கேட்டிருந்தா நூத்துக்கு நூறு சொல்லியிருக்கும்."

பிசியோவை வரவழைத்தாள்.

"நான் விரல் நீட்டுறதை நீ பாத்தியா?"

"நீங்க காட்டலையே."

"காட்டலைன்னு போட்டியா, முடியலைன்னு போட்டியா?"

அவன் டேப்லெட்டைத் திறந்தான். இப்போது எடுக்கும் மதிப்பெண் உதவாது, அந்தக் கணிப்பு மூன்றாம் நாள் எடுத்த மதிப்பெண்ணைத்தான் கணக்கில் எடுக்கும் என்று விளக்கினான். ஒரு வழி உண்டு. அன்று தான் ஒத்துழைக்கவில்லை என்று அவள் எழுதிக் கொடுத்தால், தலைமை டாக்டர் கணிப்பை ரத்து செய்து கை அறையில் இடம் தரக்கூடும். மறுநாளே காகிதத்தோடு வந்தான். நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று மட்டும் இருந்தது. பாட்டி என்று கூப்பிட்டதையும், பார்க்காமல் பூஜ்யம் போட்டதையும் சேர்த்து எழுதச் சொன்னாள். அதெல்லாம் எழுதுவது வழக்கமில்லை என்றான். பிறகு மைப்பெட்டியைத் திறந்து, கையெழுத்து வராது, கைரேகை வைத்தால் போதும் என்று அவளுடைய இடது கட்டைவிரலைப் பிடித்தான்.

இடது முழங்கையால் ஒரு தட்டு. மை அவன் கோட்டில் போய் அப்பியது. காகிதத்தை மடித்துக்கொண்டு போனவன் திரும்பக் கொண்டுவரவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பான் என்று தம்பி இன்றைக்கும் சொல்கிறான்.

அவளுடைய மேசை தொண்ணூறு நாள் காத்திருக்கும் என்று தொழிற்சாலையில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் துணி வெட்டுத்துண்டுகளைக் குவித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வலது விரலால் பிடித்து இழுத்தாள். நாளுக்கு நாலு மணி நேரம். தம்பி மனைவி ஒருநாள் குவியலைக் குப்பையில் கொட்டினாள். அன்று நடந்த சண்டையில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மறுநாள் புதுக் குவியல் வந்தது.

தொண்ணூறாம் நாள் ஆஸ்பத்திரியில் அதே பிசியோதான் சோதித்தான். கை காது வரை உயர்ந்தது. நான்கு விரல்கள் நீண்டன. கட்டைவிரல் பின்னால் மெதுவாக வந்தது. அவன் திரையை இரண்டு முறை பார்த்தான். முகத்தில் சந்தோஷம்.

"கம்ப்யூட்டர் சொன்னது தப்பாயிடுச்சு. இன்னைக்கு மார்க்கை ஏத்தினா அது கத்துக்கும். இனிமே பூஜ்யம் வாங்குறவங்களுக்கும் கொஞ்சம் கூட்டியே சொல்லும்."

அவளுக்கு உறைத்தது: நிஜமாகவே பூஜ்யமாக இருக்கும் ஒருத்திக்கு, கை வரும் என்று அது சொல்லப்போகிறது.

"ஏத்தாத" என்றாள். "அடித்துணி நகந்து கிடக்கு. மேல எவ்வளவு நேரா வெட்டினாலும் கோணல்தான். முதல்ல மூணாம் நாளைச் சரி பண்ணு."

"பழசை மாத்தினா என்னைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும். என்னையும்தான் கேப்பாங்க."

அவன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து வலது கையில் செருகிக்கொண்டு, ஒரு காகிதத்தில் எழுதினாள்: கையைத் தூக்கச் சொன்னார். முடிந்தும் தூக்கவில்லை. பாட்டி என்றதால். பார்க்காமல் பூஜ்யம் போட்டார். இந்த நான்கு வரிக்குக் கால் மணி நேரம் ஆனது. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"கீழ நீயும் போடு."

போட்டான்.

"கை ரூம்ல ஒவ்வொருத்தருக்கும் எத்தனை மணி நேரம் குடுத்தீங்க?"

"நாப்பது."

"என்னோட நாப்பது?"

அவன் திரையைப் பார்த்தபடி அடுத்தவரை உள்ளே வரச் சொன்னான்.

தொழிற்சாலையில் அவளுக்காக எட்டு அடுக்கு விரித்து வைத்திருந்தார்கள். ஐந்தாவது அடுக்கு வரைதான் கத்தரி இறங்கியது, கட்டைவிரல் வழுக்கிவிட்டது. மேசையை வேறொருவனுக்குக் கொடுத்தார்கள். அவளைத் துண்டுகள் சரிபார்க்கும் இடத்தில் உட்காரவைத்தார்கள். அந்த மேசையிலிருந்து வரும் துணிக்கட்டுகளை அவள்தான் பிரிக்கிறாள். அடித்துண்டை முதலில் உருவி வெளிச்சத்தில் பிடிப்பாள். கோணல் இருந்தால், சுண்ணாம்புக் கட்டியை வலது கையில் எடுத்து ஒவ்வொரு துண்டிலும் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்புவாள். புதிதாக வந்தவன் அவளைப் பார்த்தாலே பல்லைக் கடிக்கிறான்.