நெல்லை மூடிய படம்

என் சித்தப்பாவை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது என்பது ஒரு காரணம். 'செவிடன்' என்றால் சுலபமாக முடிந்துவிடும் என்பது இன்னொன்று. இன்று அவர் படங்கள் டெல்லியில் தொங்குகின்றன. அதே வாய்கள் 'நம்ம வீட்டுப் பிள்ளை' என்கின்றன. அந்த வாய்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் வீடு. சித்தப்பா கூடத்துச் சுவரில் பத்தடி நீளத் துணியை ஆணியடித்து, எட்டு மாதமாக ஒரே படத்தை வரைந்துகொண்டிருந்தார். முழுக்க நீலமும் பழுப்பும். ஆளில்லை, மரமில்லை, மாடில்லை. "இதுல எது தல, எது காலு?" என்று அப்பா கேட்பார். "திங்கிறது என்னமோ என் நெல்லு" என்றும் சேர்த்துக்கொள்வார், சிரித்தபடிதான். சித்தப்பா அவர் உதட்டைப் பார்த்துவிட்டுத் தானும் சிரிப்பார்.

படத்தை எடுத்துப்போக மறுநாள் காலை சென்னையிலிருந்து வேன் வருவதாக இருந்தது. அவருடைய முதல் கண்காட்சி.

அன்று மத்தியானம் வாசல் ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஈரப்பதம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய நெல். தை மாதத்தில் வரக் கூடாத மழை வந்தது. அள்ளிக் குவித்தோம். இருந்த ஒரே தார்ப்பாய் பாதிக் குவியலுக்குத்தான் போதுமாக இருந்தது.

"ஏ பாப்பா, மரமாட்டம் நிக்காத! உள்ள என்ன கெடக்கோ எடுத்தா!" என்று அப்பா கத்தினார்.

உள்ளே ஓடினேன். பாய், போர்வை எதுவும் கண்ணில் படவில்லை. படம்தான் பட்டது. சித்தப்பா கொல்லையில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தார். பிடுங்குகிற சத்தம் அவருக்குக் கேட்கவா போகிறது? ஆணியோடு பிய்த்து இழுத்துக்கொண்டு ஓடினேன். வண்ணம் அடித்த பக்கத்தைக் கீழே போட்டேன். மேலே வெறும் வெள்ளைத் துணி. அந்த மழையில் அப்பா கவனிக்கவில்லை.

மழையைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா ஓடி வந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எதிர் முனையைப் பிடித்து இழுத்து, நனைந்துகொண்டிருந்த மூலையை மூடி, மூன்று செங்கல்லைத் தூக்கி வைத்தார். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

மழை விட்டதும் அப்பா தூக்கிப் பார்த்தார். நெல் நனையவில்லை. மேலாக இருந்தது மட்டும் நீலம். காயாத வண்ணத்தில் நெல்மணிகள் அப்பிக் கிடந்தன.

"அடிப்பாவி... தம்பி படமாடி இது?"

அப்பா கையை ஓங்கினார். சித்தப்பா நடுவில் வந்து நின்றார். நெல்லைக் காட்டி, வாயில் சோறு போடுவதுபோல் செய்து, வயிற்றைத் தட்டிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஈர ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு 'என் நெல்லு' என்ற பேச்சு அவர் வாயில் வந்ததில்லை.

வேன் வந்தது. காலியாகப் போனது.

வெள்ளைப் பக்கத்தை மேலே போட்டதால்தான் சித்தப்பா ஏமாந்தார், தெரிந்திருந்தால் மூட விட்டிருப்பாரா என்று பள்ளிக்கூடத்தில் வெகுநாள் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் அவர் தினமும் தொட்ட துணி அது. அவருக்குக் காதுதான் கேட்காது, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.