பேப்பர் லாமா லாரியில் என் பட்டம்

இது நடந்து ரெண்டு வருஷம் இருக்கும். அப்போ நான் மலேசியாவுல, கெடா மாநிலத்துக் கூலிம் ஹைடெக் பூங்காவுல ஒரு ஃபேக்டரியில வேலை பார்த்துக்கிட்டே, பக்கத்துல இருக்கற யூனிவர்சிட்டி கிளையில பகுதி நேரமா மாஸ்டர்ஸ் படிச்சிக்கிட்டிருந்தேன். வீடு பாடாங் செராய். நாள் பூரா ரப்பர் கிளவுஸ் போட்டு வேலை செய்யற பொம்பளைங்களுக்குக் கையில வர்ற அரிப்பும் தடிப்பும்தான் என் ஆய்வு. என் கையிலயும் வந்தது, அதனால அந்த ஆய்வு மேல எனக்கு ஒரு வெறியே இருந்துச்சு.

எல்லாம் முடிஞ்சு ஒரே ஒரு திருத்தம்தான் பாக்கி. தடிப்புக்கு மார்க் போட்டு அளக்கறதுக்கு ஒரு பழைய கட்டுரையில வந்த அட்டவணைய நான் பயன்படுத்தியிருந்தேன். அந்த மூல அட்டவணைய அப்படியே பின்னிணைப்பா சேர்க்கணும்னு தேர்வாளர்கள் சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் மூடறதுக்குள்ள கொடுத்தாகணும். ஏற்கெனவே ரெண்டு தடவை தவணை வாங்கினவ நான், இதுதான் கடைசி. தவறினா என் பேரையே எடுத்துடுவாங்க, இத்தனை வருஷம் ஷிப்ட்டும் படிப்புமா அல்லாடினது அவ்வளவுதான்!

ஆனா எனக்குப் பயமே இல்ல. லைப்ரரி வழியா ஆன்லைன்ல எத்தனையோ தடவை திறந்து படிச்ச கட்டுரைதானே அது. சேவ் பண்ணி வைக்கலை. எப்பவும் இருக்கறத எதுக்கு எடுத்து வைக்கணும்?

வியாழக்கிழமை காலையில லாப்டாப்பைத் திறந்து கிளிக் பண்றேன், உங்களுக்கு அனுமதி இல்லைன்னு வருது. திரும்பத் திரும்ப அமுக்கறேன், அதேதான். அலாமாக்! காரை எடுத்துக்கிட்டு நேரா லைப்ரரிக்கு ஓடினேன்.

கவுண்டர்ல இருந்த லைப்ரரியன் அக்கா நம்ம ஆளு. என் மூஞ்சைப் பார்த்ததுமே அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு.

"காலையில இருந்து நீ எத்தனாவது ஆளுன்னே தெரியலம்மா. டிவியில தமிழ் சேனல் மட்டும் வேணும்னா தர மாட்டான், மொத்த பேக்கேஜும் எடுன்னுவான் பாரு, இந்தப் பத்திரிகைங்களும் அப்படித்தான். ஆயிரக்கணக்குல ஒரே கட்டு. ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு, புதுசு இன்னும் கையெழுத்தாகல. மொத்தமா மூடிட்டாங்க."

அந்தப் பழைய வருஷத்துக் கட்டுரைய தனியா விக்கறதும் இல்லையாம். வேற யூனிவர்சிட்டிக்கு எழுதிக் கேட்கலாம், ஆனா அவங்க பார்த்து அனுப்பறதுக்குள்ள என் தவணை முடிஞ்சு, நம்ம கெடாவுல வெள்ளி, சனி வார லீவும் வந்துடும்.

"புத்தகமா இருந்ததேக்கா, தடி தடியா பைண்டு போட்டு?" ன்னு கேட்டேன்.

அக்கா தலையில கை வெச்சுக்கிட்டாங்க. எல்லாம் ஆன்லைன்ல இருக்கு, இது எதுக்கு இடத்தை அடைச்சிக்கிட்டுன்னு மேலிடம் சொன்னதால ஸ்டோர்ல கிடந்ததையெல்லாம் பழைய பேப்பர், பழைய சாமான் வாங்கற பேப்பர் லாமாக்காரர் லாரியில ஏத்தி விட்டுட்டாங்களாம். எப்போன்னு கேட்டா, அன்னைக்குக் காலையிலதான்!

அக்கா கைப்பையை எடுத்துக்கிட்டாங்க. "வாம்மா, இன்னும் தூரம் போயிருக்க மாட்டாரு."

லாரிக்காரர் நம்பர் அக்காகிட்ட இருந்துச்சு, ஆனா எடுக்கவே இல்ல. "சூராட் கபார் லாமா"ன்னு மலாய்ல பழைய பேப்பர் கேட்டு ஸ்பீக்கர் அலறற அலறல்ல போன் மணி எங்க கேட்கப் போகுது? அப்பத்தான் எனக்கு எங்க கோயில் பொம்பளைங்க வாட்ஸ்அப் குரூப் ஞாபகம் வந்துச்சு. திருவிழா சமையலுக்குன்னு ஆரம்பிச்ச குரூப், சுத்துவட்டாரக் குடியிருப்பு, தாமான் அத்தனையிலும் ஆள் இருக்கு. "பேப்பர் லாமா லாரியைப் பார்த்தா உடனே சொல்லுங்க, என் படிப்பே அதுலதான் போகுது"ன்னு ஒரு வாய்ஸ் போட்டேன்.

அடேயப்பா, வந்து கொட்டுச்சு பாருங்க பதில்! ஒருத்தங்க கரங்கான் கடைத்தெருவுல லாரி கத்துதுன்னாங்க. பறந்தோம். போய்ப் பார்த்தா வெள்ளை லாரி, வேற ஆளு. எங்க லாரி நீலம்னு அக்கா சொன்னதும் அதையும் குரூப்ல போட்டேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு. காரைத் திருப்பும்போது இன்னொரு வாய்ஸ், பாடாங் செராய்ல இருந்து: "ஏய், நீல லாரி என் வீட்டு வாசல்லதான் நிக்குது. என் வாஷிங் மெஷினை விக்கற மாதிரி பேரம் பேசிக்கிட்டே இருக்கேன். மெஷின் நல்லாத்தான் ஓடுது, சீக்கிரம் வாங்கடி, தூக்கிட்டுப் போயிடப் போறாரு!"

அக்காவும் நானும் சிரிச்ச சிரிப்புல ரோடே தெரியல.

நாங்க போய் இறங்கும்போது வாஷிங் மெஷின் வாசப்படி வரைக்கும் வந்திருந்துச்சு. லாரிக்காரர் ஒரு சீன அங்கிள். ரப்பர் தோட்டத்துக் கடையில வளர்ந்தவராம், தமிழ் நம்மளவிட நல்லா பேசறாரு. மூச்சு வாங்க நான் நிக்கறதைப் பார்த்துட்டு, "என்னா தங்கச்சி, வீட்டு கிராண்ட் பத்திரம் குப்பையில விழுந்துடுச்சா?" ன்னு கேட்டாரு.

விஷயத்தைச் சொன்னேன். ஸ்பீக்கரைக்கூட அணைக்காம லாரி மேல ஏறி, வெயில்ல பேப்பர் கட்டு, அட்டைப்பெட்டி, பழைய ஃபேன் எல்லாத்தையும் இறக்க ஆரம்பிச்சிட்டாரு. தெருவுல இருந்த பொம்பளைங்களும் கை கொடுத்தாங்க. அடியில சிவப்பு பைண்டு புத்தகங்க தெரிஞ்சதும் அக்கா போட்ட கூச்சல் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

ஒவ்வொண்ணா முதுகைப் பார்க்கறோம். எனக்கு வேண்டிய வருஷத்துக்கு முந்தின வருஷம் இருக்கு, பிந்தின வருஷமும் இருக்கு. நடுவுல உள்ளது மட்டும் இல்ல! லாரியே காலி. அப்படியே ரோட்டோரம் உக்காந்துட்டேன்.

அங்கிள் தலையைச் சொறிஞ்சாரு. அப்புறம் ஓடினாரு பாருங்க, டிரைவர் சீட்டுக்கு! அவரோட சீட்டு பள்ளமாப் போச்சாம், ரோடு சரியாத் தெரியலைன்னு, ஏத்தினதுலயே தடிச்ச புத்தகமாப் பார்த்து ஒண்ணை எடுத்துக் குஷனுக்கு அடியில வெச்சிருந்திருக்காரு. "ஐயோ, நான்தான் இது மேல உக்காந்திருக்கேன்!"

அதேதான். அதே வருஷம்!

வாங்கின கையோட கண்ணுல ஒத்திக்கிட்டேன். நம்ம பழக்கம்தானே, கால் பட்டாலே ஒத்திக்குவோம். அங்கிள் முகம் சிவந்து போச்சு. "தெரியாம உக்காந்துட்டேன் தங்கச்சி, தப்பா நினைக்காதே" ன்னு ரெண்டு கையையும் கூப்பினாரு. எனக்கோ அவர் கால்ல விழணும் போல இருந்துச்சு. பக்கத்தைத் திருப்பினா அட்டவணை முழுசா, ஒரு கிழிசல் இல்லாம இருக்கு. அங்கேயே, அந்த வாஷிங் மெஷின் மேலேயே வெச்சு போன்ல படம் எடுத்தேன்.

அன்னைக்கு இன்னொரு கூத்தும் நடந்துச்சு. அக்கா கேட்டதும், அத்தனை புத்தகத்தையும் திரும்ப ஏத்திக்கிட்டு அங்கிள் லைப்ரரிக்கே வந்துட்டாரு. ஸ்பீக்கரை அணைக்க மறந்துட்டாரு. யூனிவர்சிட்டி வாசல்ல பழைய பேப்பர் கேட்டு லாரி அலற, காவலாளி தடுக்க, அக்கா காருக்குள்ள இருந்தே கையை ஆட்ட, ஒரே அமர்க்களம். ஆபீஸ் மூடறதுக்குள்ள நான் ஆய்வைக் கொடுத்துட்டேன். வெளிய வந்து அக்காவைக் கட்டிப் பிடிச்சு அழுதேன்.

கொஞ்ச நாள்லயே ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதே கட்டுரை ஒரு கிளிக்குல மறுபடியும் வந்துச்சு. பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்துச்சு, போங்க! ஆனா அந்தச் சிவப்பு புத்தகங்களுக்கு அக்கா சண்டை போட்டு ஒரு அலமாரி வாங்கிட்டாங்க.

பட்டம் வாங்கினதும் என் ஆய்வைக் கெட்டி அட்டையில பைண்டு போட்டு அங்கிளுக்கு ஒண்ணு கொண்டு போய்க் கொடுத்தேன். "சீட்டுக்கு அடியில வெச்சுக்குங்க அங்கிள், உங்க புத்தகத்தை நான் எடுத்துக்கிட்டேனே" ன்னு கேலியாத்தான் சொன்னேன். அவர் சிரிக்கல. கையைச் சட்டையில துடைச்சிக்கிட்டு வாங்கினாரு. அன்னைக்கு நான் செஞ்ச மாதிரியே கண்ணுல ஒத்திக்கிட்டு, டேஷ்போர்டுல அவர் வெச்சிருக்கற சாமி சிலைக்குப் பக்கத்துல வெச்சாரு. "உக்காரறதுக்கு வேற பார்த்துக்கறேன்" ன்னாரு.

யூனிவர்சிட்டி கம்ப்யூட்டர்ல என் ஆய்வு எத்தனை நாளைக்குத் திறக்குமோ எனக்குத் தெரியாது, ஆனா "சூராட் கபார் லாமா" சத்தம் எங்க தெருவுல கேட்கும்போதெல்லாம், அந்த ஆய்வு ஒரு நல்ல மனுஷன் கண்ணு முன்னாடி பத்திரமா இருக்குன்னு நினைச்சு மனசு நிறைஞ்சு போகுது.