இடது புருவம்

எங்கள் வீட்டுக்கும் கறிக்கடைக்காரர் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அதனால் இதில் பாதி நான் காதால் கேட்டது. கேட்டும் வாய் மூடி இருந்தவன், அந்த வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அவருக்கு இரட்டைப் பெண்கள். பெற்றவளே குழம்பிப்போய் மூத்தவள் மணிக்கட்டில் ஒரு நூலைக் கட்டிவைத்திருந்தாள். ஒன்றரை வயதில் மூத்தவள் பீரோ கண்ணாடியைப் பார்த்துத் தங்கை என்று நினைத்துக் கூப்பிட்டாள். வரவில்லை என்றதும் டம்ளரால் ஓங்கி ஒரு போடு. கண்ணாடி உடைந்தது, முதுகில் அப்பா கை விழுந்தது. நாலு வயதில், "நீ யாரு பாப்பா?" என்று கேட்டால், "நாங்க" என்பாள். ஒருத்தி பாலைக் கொட்டினால் இரண்டு பேருக்கும் அடி. "எவ பண்ணினான்னு யாரு ஆராய்ச்சி பண்றது?" என்பார் அந்த மனுஷன்.

ஒன்பது வயதில் அவருடைய பெல்ட்டின் பித்தளைக் கொக்கி மூத்தவளின் இடது புருவத்தைக் கிழித்தது. நாலு தையல். தழும்பு விழுந்த பிறகு தெருவில் யாருக்கும் ஆள் மாறிப்போகவில்லை. கண்ணாடியில் அதைத் தடவிக் காட்டி, "இதுதான்டி நான்" என்றாளாம் தங்கையிடம். பெருமைப்பட அவளுக்குக் கிடைத்ததைப் பாருங்கள்!

அதற்கப்புறம் எது உடைந்தாலும் தழும்புக்காரி தலையில்தான் விடிந்தது. எப்படியும் கெட்ட பேர்தானே என்று அவளும் அப்படியே ஆகிவிட்டாள். பன்னிரண்டு வயதில் வகுப்புப் பையன் ஒருவனின் பல்லை உடைத்துவிட்டு, "நான் அப்படித்தான் டீச்சர்" என்றாள்.

பதினைந்து வயதில் பள்ளிக்கு மட்டம் போட்டது தங்கை. பெல்ட் அக்காவிடம் வந்தது.

"நான் இல்லப்பா!"

"உன் மூஞ்சியே சொல்லுதேடி!"

"நான்தான்பா போகல!" என்று சின்னவள் நடுவே பாய்ந்தாள். ஓங்கிய கை நிற்கவில்லை. வலக்கைக்காரன் வீச்சு, எதிரே நிற்பவளின் இடது பக்கத்தில்தான் விழும்.

சின்னவளின் அலறலுக்குத்தான் நான் கதவை உதைத்துத் திறந்தேன். பதினைந்து வருஷம் தாமதம். பெல்ட்டைப் பிடுங்கி எறிந்தேன். மூத்தவள் தங்கையின் புருவத்தில் துண்டை அழுத்திக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்த என் வாய் சும்மா இருக்கவில்லை: "நாலு தையல் போடணும். அக்காவுக்கு இருக்கிற மாதிரியே தழும்பு நிக்கும்."

எத்தனை அடிக்கும் அழாத மூத்தவள் வெடித்து அழுதாள்.

"எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்டி. இதையுமா எடுத்துக்கிட்ட?"

சொன்ன வேகத்தில் தங்கையின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு கீழே விழுந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.