வீம்புக்குப் போன தியானம்

கார் ஓட்டப் பயிற்சி கொடுக்கும் பள்ளியை நடத்திவந்த அந்த அம்மாளுக்கு ஊர் வைத்த பெயர் பிரேக் அக்கா. கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கைத் தொட்டதிலிருந்து இறங்கும்வரை "பிரேக்! பிரேக்கப் போடு!" என்று அவள் போடும் சத்தம் தெருமுனைவரை கேட்கும். அவள் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. இருந்தாலும் அவள் நம்பியது வாயைத்தான்.

கணவர் மாரடைப்பில் போன பிறகும் அவள் பள்ளியை மூடவில்லை. வருஷம் திரும்பியதும் அண்ணன் வந்து உட்கார்ந்தார். மெத்தைக் கடை வைத்திருப்பவர். குடும்பத்தில் யார் எங்கே இருப்பது, யார் என்ன செய்வது என்பதெல்லாம் தன் வாயிலிருந்துதான் வரவேண்டும் என்று இருந்து பழகியவர்.

"கண்டவனோட கார்ல சுத்தினதெல்லாம் போதும்மா. மூடிட்டு நம்ம வீட்டுக்கு வந்துடு. மருமக மாசமா இருக்கா. குழந்தை பொறந்தா பாத்துக்க ஆள் வேணும்ல?"

அவளுக்குச் சுருக்கென்றது. "நான் வெளியூர் போறேன்ணா."

"எங்க?"

அவளிடம் கார் கற்ற நர்ஸ் ஒருத்தி எப்போதோ சொன்னது சட்டென்று வாயில் வந்தது. "மலைமேல பௌத்த மடம் ஒண்ணு இருக்கு. வாயே திறக்காம உக்காந்து தியானம் பண்ணணுமாம்."

அண்ணனுக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறியது. "யாரு, நீயா? வாயே திறக்காமலா?" அவரோடு வந்து கதவோரம் நின்ற அண்ணிகூட வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கே டிக்கெட் எடுத்துவிட்டாள் பிரேக் அக்கா.

புத்தரை அவள் அதுவரை பார்த்தது பல் டாக்டரின் வரவேற்பறையில், மீன்தொட்டிக்குப் பக்கத்தில். மடத்துப் புத்தர் சிலையும் சின்னதாகத்தான் இருந்தது. நீளமான கூடம், சிமென்ட் தரை, வரிசையாகத் தலையணைபோல் தட்டையான இருக்கைகள். வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூச்சு வருவதையும் போவதையும் கவனித்தால் போதும் என்றார்கள்.

போதுமாம்! கண்ணை மூடினால் யாரோ சிக்னலைத் தாண்டினார்கள். அவளுடைய வலது கால் தன்பாட்டுக்குத் தரையை அழுத்தியது. முட்டி விண்விண்ணென்று தெறித்தது. மூச்சைப் பார்க்கப் போனால் அண்ணன்தான் வந்தார். அவரிடம் நேரில் பேசிய பேச்சைவிட மனசுக்குள் போட்ட சண்டை பலமடங்கு என்பது அங்கேதான் அவளுக்கு உறைத்தது. தட்டைக் கழுவும்போது, துணி காயப்போடும்போது, மற்றவருக்கு வண்டி சொல்லிக்கொடுக்கும்போதுகூட உள்ளே அந்த வழக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இத்தனை வருஷமும்.

ரெண்டு தடவை பையைக் கட்டினாள். ரெண்டு தடவையும் அண்ணனின் சிரிப்பு ஞாபகம் வந்து அவிழ்த்தாள். தரையில் உட்காருவதுதான் முறை என்றார் மேற்பார்வையாளர். அவள் சாப்பாட்டு அறையிலிருந்து நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து கூடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். மறுநாள் இன்னும் மூன்று நாற்காலிகள் வந்தன.

சாயங்காலம் ஒரு பெண் துறவி, பிக்குணி, பாடம் சொல்வார். அவளைவிட வயதில் சின்னவர், ஓயாத ஜலதோஷக்காரர். புத்தரை வளர்த்த சித்தியின் கதையைச் சொன்னார். தானும் துறவியாக வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்கக் கேட்க, புத்தர் மறுத்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மாளோ திரும்பிப் போகவில்லை. தலையை மழித்துக்கொண்டு, மற்ற பெண்களையும் கூட்டிக்கொண்டு, கால் வீங்க நடந்து வந்து வாசலில் நின்றார். கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் எவ்வளவு மூத்த பிக்குணியும் நேற்று சேர்ந்த ஆண் துறவியான பிக்குவை வணங்க வேண்டும் என்ற விதியோடு.

கேள்வி நேரத்தில் மட்டும் பேசலாம். பிரேக் அக்கா எழுந்தாள். அடக்கி வைத்த குரல் கூடத்தையே உலுக்கியது.

"வளர்த்தவங்களே வாசல்ல நிக்கணும், வந்தப்புறம் வணங்கவும் செய்யணும். இது உங்களுக்கு நியாயமா படுதா?"

பிக்குணி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இல்லம்மா. எனக்கு உறுத்துது. அந்த உறுத்தலோடதான் தினமும் உக்கார்றேன்."

"கோபம் வராதா?"

"வரும். வந்தா, வந்திருக்குன்னு தெரியும். அது சொல்றதையெல்லாம் செய்யறதில்ல. ஆனா இந்த இடத்த விட்டுப் போகவும் மாட்டேன்."

சமாதானமாகப் போ, மறந்துவிடு என்று ஏதாவது சொல்வார், எதிர்த்து நாலு வார்த்தை கேட்கலாம் என்றிருந்த பிரேக் அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளுடைய வலது கால் சும்மா இருந்தது.

தியானப் பயிற்சி முடிவதற்கு முந்தின நாள் அண்ணன் வந்துவிட்டார். பார்வையாளர் அறையில் விசிறிக்கு அடியில் வியர்த்துக்கொண்டு நின்றார். பேச அனுமதி கிடைத்திருந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. அவரே கத்தினார். போனை எடுக்காதது, ஊர் கேட்பது, மருமகளுக்கு வாந்தி நிற்காதது, எல்லாம் வந்தது. பதில் வராததால் வேகம் தானே குறைந்தது. கடைசியில், "உன் பள்ளிக்கூடப் பலகையக் கழட்டி வெச்சாச்சு. நாலு பேர் வந்து கேக்கறதும் நின்னுடும்" என்றார்.

அவளுக்கு நெஞ்சு திகுதிகுவென்று எரிந்தது. எரிகிறது என்று தெரிந்தது. ஒரு மூச்சு விட்டுப் பேசினாள். அந்தத் தணிந்த குரலை அண்ணன் அதுவரை கேட்டதில்லை.

"நாளைக்கு இங்க முடியுது. மறுநாள் வந்து வகுப்பு எடுப்பேன். பலகை இருந்தாலும் எடுப்பேன், இல்லாட்டியும் எடுப்பேன். உங்க வீட்டுக்கு விருந்தாளியா வருவேன்ணா. வேலைக்காரியா வரமாட்டேன்."

"உன்ன ஏதோ மயக்கி வெச்சிருக்காங்க."

"இல்லண்ணா. தெளிஞ்சுதான் பேசறேன். பாத்துப் போங்க, மலைப்பாதை வளைவு அதிகம்." சொல்லிவிட்டுக் கூடத்துக்குத் திரும்பி, தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஊருக்கு வந்து, காரின் முன்பக்கத்தில் ஏறி நின்று, பலகையை அவளே மாட்டினாள். அண்ணன் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார். அவருக்குப் பேத்தி பிறந்தபோது அவள் போய்ப் பார்த்து, கொஞ்சிவிட்டு, சாயங்கால வகுப்புக்குத் திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் அண்ணி வந்து நின்றாள். "எனக்கு வண்டி சொல்லிக் குடு."

"அண்ணனுக்குத் தெரியுமா அண்ணி?"

"கேட்டேன். கூடாதுன்னாரு. திரும்பக் கேட்டேன், அப்பவும் கூடாதுன்னாரு. அதான் வந்துட்டேன்."

கியர் மாற்றப் பழகிய அன்றே, "கடைத்தெரு வழியா போவோம்" என்றாள் அண்ணி. மெத்தைக் கடைக்கு நேர் எதிரே வண்டி குலுங்கி நின்றுபோனது. பின்னால் ஹாரன்கள் அலறின. அண்ணன் கல்லாவை விட்டு வாசலுக்கு வந்தார். அண்ணி கதவுப் பிடியில் கை வைத்தாள்.

"இறங்கிடவா?"

"எதுக்கு? கிளட்ச மிதிங்க. சாவியத் திருப்புங்க. அவங்க ஹாரன் அடிக்கட்டும்."

அண்ணி திருப்பினாள்.