தெளியாத சீரம்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவர்கள் அவளை ஊசிக்காரம்மா என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அதே முக்காலியில் உட்கார்ந்து பழம் தின்று கொட்டை போட்டவள். அவளிடம் பொய் சொல்லித் தப்ப முடியாது, ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். குழாயை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கி, மேலே வெளிர்மஞ்சள் நீர் தெளிந்து நிற்கும். அதுதான் சீரம். அது பால்போல் வெளுத்திருந்தால் கொழுப்பு மிதக்கிறது என்று அர்த்தம். பத்தில் ஒன்பது பேர் வரும் வழியில் எதையாவது மென்றுவிட்டு வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, "நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க" என்று திருப்பி அனுப்புவது அங்கே வழக்கம்.

ஒரு நாள் காலையில் அவள் தம்பியே வந்தான். தையல்காரன். இரண்டு நாளாக மேல்வயிறு வலித்து முதுகு வரை இழுக்கிறது என்றான். ரத்தம் எடுத்துச் சுழற்றினாள். மேலே நின்றது அசல் பால்.

"என்னடா முழுங்கிட்டு வந்தே?"

"ஒண்ணும் சாப்பிடலக்கா. சத்தியமா."

"உன் சத்தியம் எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். சின்ன வயதில் உதட்டில் சர்க்கரை ஒட்டியிருக்கும்போதே, டப்பாவைத் தொடவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன்.

"எண்ணெய்ப் பலகாரத்தைத் தொட்டே வருஷமாச்சு. தினமும் டீ மட்டும்தான்க்கா. இன்னிக்கு அதுவும் குடிக்கல."

அந்த டீயில் நாலு கரண்டி சர்க்கரை, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. உட்கார்ந்த இடத்திலேயே தைக்கிற உடம்பு அத்தனையையும் எங்கே எரிக்கும்? கல்லீரல் கொஞ்சத்தைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும். அந்தக் கிடங்கு சிறியது. நிறைந்துவிட்டால் மிச்சத்தைக் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் இறக்கிவிடும். எண்ணெயைக் கண்ணால் காணாதவன் ரத்தமும் வெளுக்கும். கொழுப்பு எல்லை மீறினால் கணையம் வீங்கி அழுகும், வலி முதுகு வரை இழுக்கும். இது அவளுக்குத் தெரியாததா? பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள். வேறு யாராவது இப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். நின்றவன் தம்பியாகப் போய்விட்டான்.

"போடா, நாளைக்கு ஒழுங்கா வா" என்று குழாயைக் குப்பைப் பையில் போட்டாள்.

மறுநாள் அவன் வரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்திதான் வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டான்.

பிணவறை வாசலில் தம்பி மனைவி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ஊசிக்காரம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"டெஸ்டுக்கு வரதுக்கு முந்தின நாள் மத்தியானத்துலேருந்தே அவர் பட்டினிக்கா. நீங்க திட்டுவீங்கன்னு பச்சைத்தண்ணி கூடக் குடிக்கல. திரும்பி வந்தப்ப வலியில துடிச்சார். டாக்டர்கிட்ட போலாம்னு கெஞ்சினேன். அக்காவுக்குத் தெரியாததா, எனக்கு ஒண்ணும் இருக்காதுன்னு படுத்துக்கிட்டார்."