சுவர்க் கடிகாரம் பாஸ் போட்ட பேட்டரி

எங்க வீட்டுக்காரருக்கு மொட்டை மாடியில கோழி வளர்க்கிற பித்து. அதுங்க ஒவ்வொண்ணா காணாமப் போக ஆரம்பிச்சதும் அவரே கேஸை விசாரிச்சுத் தீர்ப்பும் சொல்லிட்டாரு: பக்கத்து வீட்டு அக்காவோட பூனைதான். அந்த அக்கா தனியா இருக்கிறவங்க. பூனைக்குச் சோறு வச்சிட்டுத்தான் தனக்குத் தட்டு போடுவாங்க. "ஆதாரம் காட்டுங்க தம்பி, நானே கொண்டுபோய் விட்டுடறேன்"னாங்க.

சாட்சி பாரீஸ்லேர்ந்து வந்துது. அங்க இருக்கிற என் தம்பி, காட்டு மிருகத்தைப் படம் பிடிக்கிற கேமரா ஒண்ணு குடுத்தனுப்பினான். எதுனா அசைஞ்சா, இருட்டுலகூட, தானா படம் எடுக்கும். லித்தியம் பேட்டரி போடணும்னு கூட வந்த தாள்லயே இருந்துது. பிரெஞ்சுல இருந்தா என்ன, லித்தியம் லித்தியம்தானே! படிச்சுக் காட்டினேன்.

"தட்டாஞ்சாவடிப் பட்டறையில மோட்டாருக்குக் காயில் கட்டுறவன்கிட்ட கரண்டைப் பத்திப் பேச வந்துட்டா"ன்னாரு.

ஞாயித்துக்கிழமை மார்க்கெட்டுல கூறு கட்டி வித்த பேட்டரியைப் பையில அள்ளிட்டு வந்தாரு. அதுக்குப் பரீட்சை வேற. ஒவ்வொண்ணையும் ஹால்ல இருக்கிற சுவர்க் கடிகாரத்துல போட்டுப் பாத்தாரு. முள்ளு ஓடுச்சா, பாஸ்! அட மனுஷா, கடிகாரம் சாகப்போற பேட்டரியிலகூட ஓடுமே! ராத்திரியில வெளிச்சம் அடிக்கக் கேமராவுக்குத் தெம்பு வேணாமா? சொன்னாக் கேட்டாத்தானே.

பகல் பூரா கேமரா ஒழுங்கா வேலை பாத்துது. காக்காவை எடுத்துது, நான் துணி காயப்போடுறதை எடுத்துது, கூண்டுகிட்ட வெயில் காஞ்சிட்டிருந்த பூனையை எடுத்துது. இருட்டினதும் பேட்டரி மண்டையப் போட்டுடுச்சு. மறுநாள் ஒரு கோழி இல்ல. கையும் களவுமா பிடிச்சவரு கணக்கா, பூனைப் படத்தைத் தூக்கிட்டு ஓடினாரு. அக்கா அதையே பாத்துக்கிட்டிருந்தாங்க. பூனையைக் கூடையில வச்சு, கனகசெட்டிக்குளத்துல இருக்கிற அவங்க அண்ணன் வீட்டுல விட்டுட்டு வந்தாங்க.

பூனை போயும் கோழி போறது நிக்கல. நானே கடைக்குப் போய் லித்தியம் வாங்கி, அவரு கையில குடுக்காம மாட்டினேன். காலையில பளிச்சுன்னு படம் இருந்துது. வாயில கோழியோட ஒரு மரநாய், போட்டோ ஸ்டூடியோவுக்கு வந்த மாதிரி நேரா பாத்துக்கிட்டு நிக்குது!

அவரை இழுத்துட்டுப் போய் அக்காகிட்ட படத்தைக் காட்டினேன். அவரு வாயைத் திறக்கறதுக்குள்ள அக்காவே சொன்னாங்க. பூனை அங்க தங்கலையாம், போன வாரமே எங்கயோ ஓடிப்போச்சாம். "அக்கா"ன்னு இழுத்தாரு.

அக்கா என்னைத்தான் பாத்தாங்க. "அந்தக் கேமராவைக் கொஞ்ச நாளைக்குக் குடும்மா, என் வாசல்ல மாட்டி வைக்கிறேன். பூனை ராத்திரியில வந்துட்டு, கதவு சாத்தியிருக்குன்னு திரும்பிப் போயிடப் போவுது. பேட்டரி மட்டும் நீ போட்டுக் குடு."