இடது கைக்கு ஒரு ரீல்

“…அதுவும் பீச்சாங்கைக்காரிக்கு, சுத்துற பிடி வலது பக்கம் இருக்கிற ரீலு எதுக்கு? நாளைக்கு ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையாயிடும். பேசாம அந்த ஸ்பின்னிங் ரீல எடு, வீட்டுக்குப் போவோம்,” என்று அண்ணன் முடிப்பதற்குள், கண்ணாடிப் பெட்டியில் இருந்த கறுப்பு ரீலை நான் கடைக்காரரிடம் காட்டிவிட்டேன். இடது கையால்தான் காட்டினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஒரு சீனரின் தூண்டில் கடை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எனக்கு வேலை; ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனின் சின்னப் படகில் ஆற்று முகத்துவாரத்துக்கு சியாக்காப் மீன் பிடிக்கப் போவோம். அதுவரை அவர் கழித்துப் போட்ட தூண்டில்தான் எனக்கு. எங்கள் தொழிற்சாலை பஸ்ஸில் ஒரு அக்கா சொல்வார், “அடுத்தவங்க செருப்பு எவ்வளவு அழகா இருந்தாலும் நம்ம காலத்தான் கடிக்கும்.” கடிபட்டது போதும் என்றுதான் சொந்தமாக வாங்க வந்தேன்.

சாப்பாடு, எழுத்து, திருநீறு எல்லாவற்றையும் வீட்டில் என் வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். அடித்துத்தான் மாற்றினார்கள். தூண்டில் என் கைக்கு வந்தபோது அடி வாங்கும் வயதைத் தாண்டியிருந்தேன். ஆகவே அது இடது கையிலேயே தங்கிவிட்டது.

கடை முதலாளியான அந்தச் சீனத் தவுக்கே முதலில் ஓர் உருண்டை ரீலை எடுத்து வைத்தார். அண்ணனிடம் இருப்பதும் அதே வகைதான். கம்பின் மேல் மாட்டுத் திமில் மாதிரி நிற்கும். என் உள்ளங்கை அதைச் சுற்றி வளையாது. நான் காட்டியது லோ புரொஃபைல். கம்போடு படிந்து கிடக்கும். கம்பையும் ரீலையும் ஒரே பிடியில் அடக்கலாம். பெருவிரல் தானாக நூலின் மேல் போய் உட்காரும்.

“இதுல நூலு கொஞ்சம்தான் பிடிக்கும்,” என்றார் அண்ணன்.

“முகத்துவாரத்துலதானே வீசுறோம்? சுமத்ராவுக்கா வீசப் போறேன்?”

“உப்புத் தண்ணிலாம் தாங்காது. துருப்பிடிச்சிடும்.”

கடல் தண்ணீருக்கு ஆகுமா என்று தவுக்கேயிடம் மலாயில் கேட்டேன். “போலே லா,” என்று தலையாட்டி, அப்படி எழுதியிருந்த இடத்தைப் பெட்டியில் தட்டிக் காட்டினார். நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். “வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணில கழுவி ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன். உங்க ரீலு மாதிரி படகுலயே கிடக்காது.”

“எல்லாம் சரி. பிடி தப்பான பக்கம்ல இருக்கு.”

“அண்ணே, நீங்க வலது கையால வீசுவீங்க. வீசினதும் கம்ப இடது கைக்கு மாத்துவீங்க, அப்புறம்தான் சுத்துவீங்க. நீங்க கை மாத்துறதுக்குள்ள சியாக்காப் கவ்விப் பாத்து, ருசி இல்லன்னு துப்பிட்டுப் போயிடும். நான் இடது கையால வீசுவேன், வலது கையால சுத்துவேன். மாத்தவே வேணாம். கூடம் கோணல்தான், ஆனா நீங்க நிக்கிற பக்கம்.”

தவுக்கேக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் சிரித்தார். அண்ணனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“பெருவிரல் கொஞ்சம் தப்பினாலும் நூலு குருவிக்கூடு கட்டிடும். நான் பிரிச்சு விட மாட்டேன்.”

“யாரு உங்கள பிரிக்கச் சொன்னா? நீங்க நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தூங்குறப்ப, உங்க ரீல எடுத்துட்டுப் போயி பிளாட்டுக்குப் பின்னால திடல்ல ஈயக்குண்டு கட்டி வீசிப் பழகினேன். கூடு கட்டிச்சு. நானே பிரிச்சேன். உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

அவர் முகம் மாறியது. “பீச்சாங்கையால வீசுறதுன்னா என் படகுல ஏறாத. கொக்கி என் காதுல மாட்டும்.”

ஞாயிற்றுக்கிழமைக்காகவே ஆறு நாள் வேலைக்குப் போகிறவள் நான். அந்தப் படகு இல்லாவிட்டால் முகத்துவாரம் எனக்கு இல்லை. அது அவருக்கும் தெரியும். “ஏறல,” என்றேன். “கர்னி கடற்கரையில கல்லு மேல நின்னு வீசுறேன். கல்லு கை பாக்காது.”

பணத்தைக் கொடுத்து ரீலையும் ஒரு நூற்கண்டையும் வாங்கிக்கொண்டேன். நூல் ஏற்றித் தர வேண்டிய தவுக்கே வேறு ஆளோடு பேசப் போய்விட்டார். காத்திருக்க எனக்கு மனமில்லை. கடையின் இரவல் கம்பொன்றில் ரீலைப் பொருத்தி, தரையில் உட்கார்ந்தேன். நூற்கண்டைக் கால்விரல்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தேன். நூல் ஏற்றும்போது எதிரில் ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். தளர்ந்து ஏறினால் முதல் வீச்சிலேயே சிக்கிக்கொள்ளும். என் நூல் தளர்ந்துதான் ஏறியது. அண்ணன் பார்க்கிறார் என்று தெரிந்தும் நான் நிமிரவில்லை, நிறுத்தவுமில்லை.

அண்ணன் வாசல்வரை போனார். திரும்பி வந்து, எனக்கு எதிரில் குந்தி, என் கால்விரல்களுக்கு நடுவிலிருந்து நூற்கண்டைப் பிடுங்கினார். தளர்ந்து ஏறியிருந்ததை எல்லாம் உருவி எடுத்துவிட்டு, சட்டை நுனியை நூலின் மேல் மடித்து இறுக்கிப் பிடித்தார்.